மூச்சை அடக்கித் தூக்குகிறவர்கள்

12 பிப்ரவரி 2007

இல்லை, வலி போக வேண்டும் என்பதற்காக இல்லை. வலி எட்டு மாதமாகக் கூடவே இருக்கிறது, பழகிவிட்டது. நிமிர்ந்து நின்று ஒருவரைப் பார்த்து ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். முதுகு எனக்கு அதற்குத்தான் வேண்டும்.

அந்த ஒருவர் பாவா. அக்கா பத்மப்ரியாவின் கணவர், சாய்கிருஷ்ணன்.

வாக்கியம் இது: "நீங்க செல்போன்ல பேசிகினே வண்டி ஓட்டினீங்க."

போன ஜூனில் திருத்தணி மலைப்பாதையின் இரண்டாவது வளைவில் பைக் சாய்ந்தது. பின்னால் நான். அவருடைய ஒரு கை ஹேண்டில்பாரில், இன்னொரு கை காதில். நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன். ஊருக்கு அவர் சொன்னது வேறு: நான் பின்னால் உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு வந்தேன், தலை சுற்றி விழுந்தேன், என்னைப் பிடிக்கப் போய் வண்டி சாய்ந்தது. என் பையிலிருந்து புத்தகம் ஒன்று தெறித்து ரோட்டில் விரிந்து கிடந்ததாம். அதுவே சாட்சி. எம்.ஃபில். படிக்கிற பெண் வேறெப்படி விழுவாள்?

எனக்கு நினைவு திரும்பியபோது கதை முடிந்திருந்தது. அக்காவுக்கு அப்போது ஏழாவது மாதம். நான் வாயைத் திறக்கவில்லை.

13 பிப்ரவரி

திட்டத்தை எழுதிவைக்கிறேன், மாற்றாமலிருக்க.

டிசம்பர் 31, படித்திருவிழா. முந்நூற்று அறுபத்தைந்து படி. எங்கள் வீட்டுப் பஜனைக் குழுவுக்கு முன்னால் பாவா பாடிக்கொண்டு போவார். பெண்கள் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைப்போம். அத்தனை முறை குனிந்து, அத்தனை முறை நிமிர்ந்து, மேலே போய், எல்லார் முன்னாலும் அந்த வாக்கியத்தைச் சொல்வேன். படுக்கையிலிருந்து சொன்னால் நோயாளியின் புலம்பல். மேலே நின்று சொன்னால் வேறு.

19 பிப்ரவரி

சென்னை டாக்டர் முதுகு பெல்ட்டைக் கழற்றச் சொன்னார். முதுகெலும்பில் நாலாவது, ஐந்தாவது எலும்புகளுக்கு நடுவிலிருக்கும் தட்டு இன்னும் பிதுங்கித்தான் இருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டாம், உடற்பயிற்சி போதும். சீட்டில் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார்: பிலாட்டீஸ். அதில் எந்த முறை என்று கேட்டேன். நிறைய இருக்கிறது, விசாரித்துக்கொள் என்றார்.

பஸ் ஸ்டாண்டு நெட் சென்டரில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். உட்கார்ந்தது தப்பு, அது வேறு விஷயம். பழைய முறை என்று ஒன்று: பாய் இருந்தால் போதும், ஆனால் பயிற்சிகளுக்கு ஒரு வரிசை உண்டு, வரிசை மாறக்கூடாது. மெஷினில் செய்வது ஒன்று: சறுக்கும் கட்டில், ஸ்பிரிங், கால்களுக்கு வார். பிசியோதெரபிக்காரர்கள் எல்லாவற்றையும் சின்னதாக்கி, மெதுவாக்கி வைத்திருப்பது இன்னொன்று. ஒவ்வொரு பக்கமும் மற்ற இரண்டையும் மட்டமாகப் பேசுகிறது. சைவ வைணவச் சண்டை தோற்றது.

ஆரம்பநிலைக்காரர்கள் எது தங்களுக்குப் பொருந்தும் என்று முதலில் கேட்க வேண்டுமாம். எது சீக்கிரம் என்றுதான் நான் தேடினேன்.

3 மார்ச்

சென்னையில் பிளாட்பாரத்தில் வாங்கிய சி.டி. பழைய முறை. வரிசை மாறக்கூடாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. நைனா, அதாவது அப்பா, மலைக்கோயில் மடைப்பள்ளியில் நைவேத்தியம் சமைக்கிற பரிசாரகர்; பாவாவும் அங்கேதான். வரிசை மாறினால் வீட்டில் சோறே இறங்காது.

முதல் பயிற்சிக்கு 'நூறு' என்று பெயர். மல்லாந்து, தலையைத் தூக்கி, கால்களைத் தூக்கி, கைகளை மேலும் கீழும் அடிக்க வேண்டும். ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழு, ஐந்துக்கு விடு. நூறு வரை.

நாற்பதில் நின்றது. ஒவ்வோர் அடியும் யார் மேல் விழுந்தது என்று எழுத வேண்டியதில்லை.

11 மார்ச்

அறுபது.

15 மார்ச்

எழுந்திருக்க முடியவில்லை. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். பாவா வாசலில் நின்று, இந்த வயதில் சர்க்கஸ் எதற்கு என்று சிரித்தார். மலையடிவாரத்தில் பூக்கட்டும் பூவம்மாளும் அப்போது பார்த்துத்தானா வரவேண்டும்?

"மாப்ள அன்னிக்கி ரெண்டு வளைவு உன்ன தோள்ல போட்டுகினு ஓடியாந்தாரு, கண்ணு. அந்தப் புண்ணியத்துலதான் நீ உயிரோட கீற. மறந்துடாத."

மறக்கவில்லை பூவம்மா. அப்படித் தூக்கிக்கொண்டு ஓடியதில்தான் தட்டு பிதுங்கியிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அசைக்காமல் படுக்க வைத்திருக்க வேண்டுமாம். கொன்றதும் அவர், காப்பாற்றியதும் அவர். ரெண்டுக்கும் ஒரே ஆளு. என்னைக் காப்பாற்றியதற்காக அக்கா அப்போது இவருக்கு ஆரத்தி எடுத்தாள். படுத்தபடி பார்த்தேன்.

23 ஏப்ரல்

பாய் என்னை ஏமாற்றிவிட்டது. மெஷினுக்குப் போகிறேன். சென்னையில் ஒரு மாடி. குளிர்சாதனம், கண்ணாடிச் சுவர். சொல்லித் தருபவர் ஹரீஷ். படிவத்தில் 'காயம் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதினேன். உண்டு என்றால் ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள்.

சறுக்குக் கட்டிலில் படுத்துக் காலால் உதைத்தால் ஸ்பிரிங் இழுக்கிறது, பிறகு அதுவே தாங்குகிறது. நிற்கும்போது அரை அங்குலம் வளர்ந்தது போல. மூன்று மாதத்தில் என்னை வில்லாக வளைத்துவிடுவதாக ஹரீஷ் சொன்னார். வில்தான் வேண்டும் என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

28 மே

ஐந்து வாரம். கால் விரலைத் தொட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. எம்.ஃபில். நூலகத்துக்குப் போவதாகத்தான் எல்லாரும் நினைக்கிறார்கள்.

பாவா என் பக்கம் பார்க்கும்போதெல்லாம் மனசுக்குள் ஒரு படி ஏறிக்கொள்கிறேன்.

18 ஜூன்

திரும்பும் வண்டியில் திருவள்ளூர் தாண்டியதும் இடது கால் காணாமல் போனது. வலிகூட இல்லை. முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு அதுவும் இல்லை. திருத்தணியில் இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள்.

சரியாக ஒரு வருடம். அதே வாரம்.

மறுபடி படுக்கை. மறுபடி கூரை. மறுபடி அவர் வாசலில்.

9 ஆகஸ்ட்

ஆடிக்கிருத்திகைக் கூட்டம் இன்னும் வடியவில்லை. காவடிகளுக்கு நடுவே தள்ளிக்கொண்டு போய் அரக்கோணம் வண்டி ஏறினேன். அங்கே ஸ்டேஷன் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் ஒரு பிசியோதெரபி அறை. நடத்துகிறவர் கல்பனா. பெங்களூரில் பயிற்சி எடுத்தவர். இரண்டு பாய், ஒரு திரை, ஒரு மின்விசிறி. நெட்டில் படித்த மூன்றாவது முறை, எல்லாவற்றையும் மெதுவாகச் செய்வது. எனக்கு வேறு வழியில்லை; தேர்ந்தெடுத்தேன் என்று எழுதினால் பொய்.

சி.டி.யையும் மெஷினையும் சொன்னேன். படிவத்தில் எழுதிய பொய்யையும் சொன்னேன்.

"பாயும் தப்பில்ல, மெஷினும் தப்பில்லங்க. பொய் சொன்னது தப்பு. உங்க முதுகு எப்படிப்பட்டதுன்னு தெரிஞ்சாதான் எது ஒத்துக்கும்னு சொல்ல முடியும். யாரோட போட்டி போட்டுகினு செய்றீங்க?"

யாருமில்லை என்றேன்.

முதல் நாள் பயிற்சி: முழங்காலை மடித்து மல்லாந்து படுத்து, மூச்சை விட்டுக்கொண்டே ஒரு பாதத்தை மூன்று அங்குலம் தூக்குவது. அவ்வளவே. அவமானமாக இருந்தது.

30 ஆகஸ்ட்

மூன்று அங்குலம். இந்த வேகத்தில் படியேற எத்தனை வருடம் ஆகும் என்று கேட்டேன். ஏறுங்க, யார் வேணாம்னா, குனியாம ஏறுங்க என்றார் கல்பனா. குனிய வேண்டும் என்றேன். அப்படின்னா முழங்காலை மடிச்சு உட்காருங்க, சாமி கோச்சுக்காது.

சாமிக்காக இல்லை என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன்.

13 செப்டம்பர்

இன்று ஒன்று தெரிந்தது. கல்பனா என் விலா எலும்புகளின் இரண்டு பக்கமும் கைவைத்துப் பாதத்தைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். நிறுத்தினார். தண்ணீர்ச் செம்பைத் தூக்கச் சொன்னார். தூக்கினேன். மறுபடி நிறுத்தினார்.

"எதத் தூக்கினாலும் மூச்ச அடக்கிகிறீங்க. ஏன்?"

எனக்குத் தெரியாது. யோசித்தேன். தெரிந்தது.

நைவேத்தியத்தின் மேல் மூச்சு விழக்கூடாது. நைனா மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டுதான் தூக்குவார். துணி கட்டினாலும் அடக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டுக் கண்டிப்பு. பாத்திரம் சந்நிதியில் இறங்கும்வரை மூச்சு கிடையாது. சின்ன வயதில் எனக்கும் அக்காவுக்கும் தண்ணீர்க் குடத்தை வைத்துப் பழக்கினார். விளையாட்டு மாதிரி. யார் கடைசிவரை விடாமல் போவது. நான்தான் எப்போதும் ஜெயிப்பேன்.

ஆக, 'நூறு' செய்தபோது அடக்கியிருக்கிறேன். ஸ்பிரிங்கை உதைத்தபோது அடக்கியிருக்கிறேன். அடக்கிய மூச்செல்லாம் அந்தத் தட்டின் மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

கல்பனாவிடம் சொன்னேன். நீண்ட நேரம் சிரித்தார். ஆர்.கே.பேட்டைப் பக்கம் கூலி வேலைக்குப் போகிற குடும்பம் அவருடையது. "எங்கம்மா நெல்லு மூட்டையத் தூக்கும்போது ஹூம்னு விடும், தெருக்கோடிக்குக் கேக்கும். அறுபது வயசு, ஒரு மாத்திர கிடையாது. எங்க மூச்சு பட்டா நெல்லுக்கு ஒண்ணும் ஆகாது பாருங்க." சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. எனக்குத்தான். வாங்கிக்கொண்டேன்.

பிறகு போகிறபோக்கில்: "உங்க மலைலேர்ந்து இன்னொருத்தரும் வர்றாரு. அவரும் இதேதான்."

யாரென்று கேட்டேன். சொல்லமாட்டேன் என்றார்.

இதை வைத்து ஓர் உருவகம் செய்யலாம். செய்யப் போவதில்லை.

25 அக்டோபர்

ஸ்டேஷன் மேம்பாலத்தை நிற்காமல் ஏறினேன், மூச்சை விட்டுக்கொண்டு. மேலே நின்று வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். குரல் நன்றாக வந்தது. கீழே கூட்ஸ் வண்டி போய்க்கொண்டிருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

29 அக்டோபர்

ஹரீஷுக்குப் போன் செய்து இனி வரமாட்டேன் என்றேன். ஏன் என்றார். இங்கே மெதுவாகச் சொல்லித் தருகிறார்கள் என்றேன்.

20 நவம்பர்

என் நாள் வியாழன். இந்த வாரம் அன்றைக்குப் பல்கலைக்கழகம் போக வேண்டியிருந்ததால் இன்றே, செவ்வாயே போனேன்.

திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தது பாவா.

முழங்காலை மடித்து, கண்ணை மூடி, வேட்டியைச் சுருட்டிக்கொண்டு. ஒன்றரை வருடமாக வாசலில் நிற்கிறவரைப் படுத்தபடியே பார்த்துப் பழகிய எனக்கு, முதல்முறையாக அவர் கீழே, நான் மேலே.

கல்பனாவைக் கீழே மருந்துக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். எங்கள் உறவு தெரியாமல், "அவர் பத்து மூச்சு விடணும், நீங்க எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எண்ணினேன். மூன்றில் அவர் கண்ணைத் திறந்தார்.

"போன்ல யாரு?"

மூச்சை அடக்கிக்கொண்டார்.

"விடுங்க பாவா. அடக்கினா எண்ண மாட்டேன்."

விட்டார். "காலர் டியூன் கம்பெனிக்காரன். வேணாம் வேணாம்னு சொல்லிகினே இருந்தேன். எந்தப் பாட்டு வைக்கட்டும்னு கேட்டுகினே இருந்தான்."

அவ்வளவுதான். வேறு பெண் என்று நினைத்திருந்தேன். கடன்காரன் என்று நினைத்திருந்தேன். ஒன்றரை வருடமாக எத்தனை கதை கட்டியிருந்தேன். எனக்கு இது வேண்டாம், இவ்வளவு சின்னது வேண்டாம். ஒரு பாட்டு விக்கிறவனுக்காகவா நான்.

அவர் பேசிக்கொண்டே போனார். முதுகு அன்றைக்குத்தான் போனதாம், என்னைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த இரண்டு வளைவில். அதற்கப்புறம் மடைப்பள்ளியில் அண்டா தூக்கித் தூக்கி இன்னும் மோசம். யாருக்கும் தெரியாது. அக்காவுக்கும்.

"நைனாகிட்ட சொல்லிடாத சுப்ரஜா. தூக்க முடியாதுன்னு தெரிஞ்சா முறை போயிடும். மணவாளன் காத்துகினு கீறான்."

முறை என்பது மடைப்பள்ளியில் அவருக்குள்ள நாட்கள். மணவாளன் எங்கள் சித்தப்பா மகன். முறையில்லாமல் ஐந்து வருடமாக எடுபிடி வேலை செய்கிறவன். ஒரு வார்த்தை போதும், பாவாவின் முறை அவனுக்குப் போய்விடும்.

கையில் இரண்டு ஆயுதங்கள். நிதானமாக எண்ணினேன்: நான்கு. ஐந்து.

"வருஷம் முடியறதுக்குள்ள அக்காகிட்டயும் நைனாகிட்டயும் செல்போன் விஷயத்த நீங்களே சொல்லணும். சொன்னா முதுகைப் பத்தி நான் வாயத் திறக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"ஆங்."

கல்பனா படியேறி வரும் சத்தம் கேட்டது. பத்து முடிஞ்சுதா என்றார். முடிந்தது என்றேன்.

21 நவம்பர்

நன்றாகத் தூங்கினேன். வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

16 டிசம்பர்

சொல்லிவிட்டார். நேற்று, எங்கள் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு. அக்கா, அம்மா, நைனா மூவர் முன்னாலும். நான் என் அறையில் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு.

ஒரு வெடிப்பை எதிர்பார்த்தேன். அம்மா அழுதாள். நைனா, இனிமே வண்டியில போன் வேணாம் என்றார். அக்கா எழுந்து குழந்தைக்குப் பால் ஆற்றப் போனாள்.

இவ்வளவுதானா?

18 டிசம்பர்

அக்கா வந்தாள். கட்டிலில் உட்காரவில்லை.

"இத்தன மாசம் உனக்குத் தெரியும். நான் அவருக்கு ஆரத்தி எடுத்தேன். நீ படுத்துகினு பாத்துகினு இருந்த. ஏன்டி சொல்லல?"

நீ அப்போது ஏழாவது மாதம் என்றேன்.

"குழந்தைக்கு வயசு ஒண்ணு ஆயி நாலு மாசம் ஆவுது."

பதில் இருந்தது, சொல்லவில்லை. செல்போன் விஷயத்தைச் சொல்லாமல் வைத்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது. அது என்னுடையதாக இருந்தது. ஆரத்தி எடுத்தபோது அவளையும் சேர்த்துத்தான் கேலியாகப் பார்த்தேன்.

போய்விட்டாள்.

27 டிசம்பர்

வியாழன். கல்பனா பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். அவருக்கு இப்போது உறவு தெரியும்.

"உங்க பாவாகிட்ட நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க. தனியா அண்டா தூக்கக் கூடாது. நான் சொன்னா சிரிக்கிறாரு. இன்னும் ஒரு தடவ மூச்ச அடக்கிகினு அவ்ளோ வெயிட்ட தூக்கினாருன்னா ரெண்டு காலும் மரத்துடும். ஒண்ணுக்கு அடக்கக்கூட முடியாம போயிடும். வெளையாட்டு இல்ல."

ஜனவரி முதல் தேதி பாவாவின் முறை. புத்தாண்டுக் கூட்டத்துக்குப் பெரிய அண்டாவில் சர்க்கரைப் பொங்கல். அதைத் தனியாகத் தூக்குவது அவருக்குப் பெருமை. மணவாளன் பக்கத்தில் நின்று பார்ப்பான்.

நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாய் திறக்க மாட்டேன் என்று.

28 டிசம்பர்

ஆக, நான் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. படியேற வேண்டாம், வாக்கியம் வேண்டாம். கொடுத்த சத்தியத்தைக் காப்பாற்றினால் போதும். மிச்சத்தை அண்டா பார்த்துக்கொள்ளும். அவர் கேட்டதையே அவருக்குக் கொடுக்கிறேன். யாரும் என்னை ஒன்றும் சொல்ல முடியாது. இதைவிடச் சுத்தமான ஒன்றை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

படுத்தபடியே கூரையைப் பார்க்கட்டும். எத்தனை விரிசல் என்று நான் சொல்லிக்கொடுக்கிறேன்.

29 டிசம்பர்

பதினேழு விரிசல். எனக்குத் தெரியும்.

30 டிசம்பர்

காலையில் பாவாவிடமே சொன்னேன். கல்பனா சொன்னதை, ஒரு வார்த்தை விடாமல். சிரித்தார். "நாளன்னிக்கி ஒரு நாள்தானே. நீ சத்தியம் பண்ணியிருக்க, ஞாபகம் வெச்சுக்கோ."

சொல்லியாயிற்று. இனி என் பொறுப்பில்லை.

இல்லைதானே?

31 டிசம்பர், திங்கள்

மன்னிக்கவில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், பிற்பாடு வேறு மாதிரி நினைத்துக்கொள்ளாமலிருக்க.

கூட்டம் சேர்வதற்கு முன்னால், விடிகாலையிலேயே படியேறினேன். மஞ்சள் கொண்டுபோகவில்லை, குனியவில்லை. நான்கு இடத்தில் உட்கார்ந்தேன். மடைப்பள்ளி வாசலில் நின்று நைனாவைக் கூப்பிட்டேன். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். பாவா நாளைய முறைக்கான வேலையாக உள்ளே அடுப்பருகே இருந்தார், நான் பேசுவது கேட்கும் தூரத்தில். மணவாளனும் இருந்தான்.

"நைனா, பாவாவுக்கு முதுகு போயிடுச்சு. என்னோடது மாதிரி. அரக்கோணத்துல வைத்தியம் பாக்கிறாரு. நாளைக்கு அவர அண்டா தூக்க விடாதீங்க."

பாவா என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்காகத்தான் பத்து மாதம் பயிற்சி செய்தேன் என்று ஒரு கணம் தோன்றியது. அப்புறம் அவர் முகம் அண்டாவின் பக்கம் திரும்பியது.

நைனா உள்ளே போய் மணவாளனிடம் ஏதோ சொன்னார். அவன் வந்து அண்டாவின் ஒரு பக்க வளையத்தைப் பிடித்துப் பார்த்தான். சந்தோஷத்தை மறைத்துக்கொள்ள அவனுக்குத் தெரியவில்லை.

முறை போகுமா, பாதி போகுமா, தெரியாது. அதைக் கெடுக்கத்தான் சொன்னேனா, அவர் காலைக் காப்பாற்றவா? இரண்டில் ஒன்றை எழுதலாம் என்று பேனாவை எடுத்தேன். எதை எழுதினாலும் பாதி பொய்.

கீழே வந்து அக்கா வீட்டுக்குப் போனேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. நைனாவிடம் சொன்னதைச் சொன்னேன். அன்றைக்கு அவள் கேட்ட கேள்விக்கும் பதில் சொன்னேன்: சொல்லாமலிருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்று. அவள் என்னை உட்காரச் சொல்லவில்லை. போகவும் சொல்லவில்லை.

பிறகு ஸ்டேஷனுக்கு நடந்துபோய், அரக்கோணத்துக்கு டிக்கெட் எடுத்து, கல்பனாவிடம் பாவாவுக்குச் செவ்வாயோடு வெள்ளிக்கிழமையும் சிகிச்சைக்குச் சேர்த்து எழுதிவைக்கச் சொல்லிவிட்டு வந்தேன்.